ஹெரிடேஜ் என்று அறிவித்தால் எங்கள் வளவு வீடு பிழைத்துவிடுமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டையா கட்டிய, நடுவில் வளவு (முற்றம்) வைத்த வீடு இருக்கிறது. நிலைக்கு மேலே 1912 என்று செதுக்கியிருக்கும். இப்போது பதினோரு பங்கு. யாரும் அங்கே குடியில்லை, முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறோம். பெரியப்பா மகன் ஒருவர் தன் பங்குக்கு என்று தூண்களையும் கதவுகளையும் கழற்றி விற்க விலை பேசிவிட்டதாகப் போன மாதம் கேள்விப்பட்டேன். வீட்டை ஹெரிடேஜ் கட்டடமாக அறிவிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாமா என்று கேட்டால், இன்னொரு அண்ணன் "கொடுத்தால் கவர்மெண்ட் எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கணும்" என்கிறார். செட்டிநாடு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறதுதானே? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில் தருபவர், பழைய கட்டடங்களைச் செப்பனிடும் கட்டடக்கலைஞர்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். ஹெரிடேஜ் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இன்றைக்கே மனுக் கொடுத்தாலும் அது கோப்பாகி, ஆய்வாகி, அரசிதழில் வந்து சேர வருடங்கள் ஆகலாம். கதவைக் கழற்ற ஒரு லாரியும் நான்கு ஆட்களும் ஒரு பகல் பொழுதும் போதும். அதனால் முதலில் போக வேண்டியது ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நல்ல சிவில் வக்கீலிடம். பாகம் பிரியாத வீட்டில் "இந்தத் தூண் என் பங்கு, அந்தக் கதவு உன் பங்கு" என்று எதுவும் கிடையாது, பதினோரு பேருக்கும் வீடு முழுவதிலும் உரிமை உண்டு, ஒருவர் தன் பங்குரிமையை விற்கலாமே தவிர வீட்டைப் பிரித்து விற்க முடியாது. மற்ற பங்காளிகளைக் கேட்காமல் கழற்றத் தொடங்கினால் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். வெளியாள் யாராவது அவருடைய பங்கை வாங்கிவிட்டாலும், குடும்ப வீடு என்பதால் வாங்கியவர் உடனே உள்ளே வந்து குடியேறச் சட்டம் இடம் தராது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி தருகிறது. உங்களுக்கும் வீட்டில் பங்கு இருக்கிறதா, பெண் பிள்ளை என்பதால் அதில் ஏதாவது சிக்கல் உண்டா என்பதையும் பத்திரங்களை வைத்து அவரிடமே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உங்கள் பெரியப்பா மகன் காதில் போட்டுவைக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள்தான். 1912-ல் கட்டிய வீட்டின் கதவு கழன்று வந்த நொடியிலேயே அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது, தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தால் குற்றம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே வாங்கி விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிலையும் தூணும் என்ன விலைக்குப் போனாலும், அவை போன வீட்டில் கூரை நிற்காது, அடுத்த மழையிலேயே ஓடு சரிந்து வளவுக்குள் தண்ணீர் இறங்கும், பதினோரு பேருக்கும் மிஞ்சுவது மனையின் விலை மட்டும். இப்படிப் பிரித்த வீடுகளில் நான் நின்றிருக்கிறேன். தூண் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கல் மட்டும் கிடக்கும், மேலே பார்த்தால் வானம்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஹெரிடேஜ் என்ற ஒரே சொல்லை நாம் நான்கைந்து வேறு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம், குழப்பம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தன்னார்வ அமைப்பு வந்து பார்த்துப் படம் எடுத்துத் தன் பட்டியலில் சேர்ப்பது ஒன்று. 1984-ல் தொடங்கிய இன்டாக் அப்படி நாடு முழுக்கப் பல ஊர்களில் நல்ல பட்டியல்கள் தயாரித்திருக்கிறது, நானே அவற்றைப் பல தடவை புரட்டியிருக்கிறேன், ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் யாரும் உங்கள் வீட்டை இடிப்பதைத் தடுக்க முடியாது. அரசு ஒரு சட்டத்தின் கீழ் அரசிதழில் அறிவிப்பது இன்னொன்று, அது உரிமையாளரையும் பக்கத்து மனைக்காரரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். நகரத் திட்டக் குழுமம் கட்டட அனுமதி விதிகளுக்குள் ஒரு பட்டியலை வைப்பது மூன்றாவது வகை. சுற்றுலாத் துறைகூட 1950-க்கு முன்னால் கட்டிய வீடுகளை விடுதியாக நடத்தினால் ஹெரிடேஜ் ஹோட்டல் என்று வகைப்படுத்துகிறது, அது விடுதித் தொழிலுக்கான அங்கீகாரம், வீட்டுக்கான பாதுகாப்பு இல்லை. யாராவது உங்களிடம் "அந்த வீடு ஹெரிடேஜ்" என்று சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ், யார் அறிவித்தது, அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

யுனெஸ்கோ விஷயமும் இப்படித்தான். செட்டிநாட்டின் வணிகர் கிராமங்கள் 2014-ல் இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. தற்காலிகப் பட்டியல் என்றால், எங்கள் நாட்டில் இவற்றையெல்லாம் பிற்காலத்தில் பரிந்துரைக்க நினைக்கிறோம் என்று அரசு யுனெஸ்கோவுக்குக் கொடுக்கும் பெயர்கள், அவ்வளவுதான். அதில் குறைந்தது ஒரு வருடம் இருந்த பிறகே முழு விண்ணப்பம் போட முடியும், அப்புறம் வல்லுநர்கள் வந்து பார்த்து, பல நாட்டு உறுப்பினர்கள் உட்கார்ந்த குழு முடிவு செய்யும். தஞ்சைப் பெரிய கோவில் 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது, கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ல் அதோடு சேர்ந்தன. அந்தக் கோவில்களுக்குப் பாதுகாப்பு வந்தது யுனெஸ்கோவால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை அதற்கு வெகு முன்பே மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தவை, அந்த உள்நாட்டுச் சட்டப் பாதுகாப்பு இருந்ததால்தான் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. விண்ணப்பத்திலேயே கேட்பார்கள், இந்த இடத்தை உங்கள் நாட்டுச் சட்டம் எப்படிப் பாதுகாக்கிறது, யார் நிர்வகிக்கப்போகிறார்கள் என்று. செட்டிநாட்டில் நூற்றுக்கணக்கான வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பத்து இருபது பங்காளிகள், பாதிப் பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது எவ்வளவு கடினம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆக, தற்காலிகப் பட்டியலில் ஊர் இருப்பதால் உங்கள் வீட்டுக்கு இன்று எந்தச் சட்டக் காவலும் இல்லை.

இருப்பதிலேயே வலுவானது, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் வருடத்து மத்தியச் சட்டம். ஒரு கட்டடம் குறைந்தது நூறு வருடம் பழையதாக இருக்க வேண்டும், தேசிய முக்கியத்துவம் உடையது என்று மத்திய அரசு கருத வேண்டும். உங்கள் வீடு நூறு வருடக் கணக்கைத் தாண்டிவிட்டது. தேசிய முக்கியத்துவம் என்ற படியைத் தாண்டுவதுதான் மலை. முதலில் அரசிதழில் ஓர் அறிவிக்கை வரும், இந்தக் கட்டடத்தை அறிவிக்க எண்ணியிருக்கிறோம் என்று. அதன் நகலைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். இரண்டு மாதத்துக்குள் சம்பந்தப்பட்ட யாரும் ஆட்சேபம் சொல்லலாம், உங்கள் அண்ணன் உட்பட. ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகு அரசு முடிவெடுத்து மறுபடி அரசிதழில் அறிவித்தால் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அதைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளரே செய்தாலும் குற்றம்தான்.

இப்போது உங்கள் அண்ணனின் பயத்துக்கு வருவோம். அதில் பாதி தவறு, பாதி சரி. கவர்மெண்ட் எடுத்துக்கொள்ளும் என்பது தவறு. அறிவிப்பு வந்தாலும் பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். உரிமையாளரோடு ஓர் உடன்படிக்கை போட்டுக்கொள்ளத்தான் சட்டம் வழி சொல்கிறது. யார் பராமரிப்பது, உரிமையாளர் எப்படிப் பயன்படுத்தலாம், பொதுமக்கள் வந்து பார்க்க என்ன ஏற்பாடு, விற்கும்போது அரசுக்கு முன்கூட்டித் தெரிவிப்பது, இதெல்லாம் அதில் வரும். அரசு விலைக்கு வாங்கலாம், குத்தகைக்கு எடுக்கலாம், தானமாகப் பெறலாம், கட்டடம் அழியப்போகிறது என்ற நிலை வந்தால் நிலம் எடுப்புச் சட்டப்படி இழப்பீடு கொடுத்து எடுக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் அறிவித்த மறுநாள் பூட்டை மாற்றிவிட்டுப் போவது என்ற கதையெல்லாம் இல்லை.

அனுமதி கேட்கணும் என்பது சரி, அதுவும் அவர் நினைப்பதைவிட அதிகம். 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். மலைமேல் இருக்கும் ஒரு சமணர் படுக்கைக்கு இது நல்ல விதி. உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. உங்கள் ஒரு வீட்டை அறிவித்தால் நாலு பக்கமும் 100 மீட்டர் என்பது இரண்டு மூன்று தெருக்களின் வீடுகள் அத்தனையும். எதிர்வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்று கொல்லைப்புறத்தில் இரண்டு அறை போட முடியாது. ஒரு ஊரில் ஒரு குடும்பம் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே தெருவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வீடு கட்டும் உரிமை போகிறது என்றால் யாரும் பயப்படுவார்கள். தனிக் கோட்டைக்கும் கோவிலுக்கும் செய்த சட்டம் இது, ஆள் புழங்கும் தெருவுக்கு அளவெடுத்துத் தைத்தது இல்லை என்பது என் கருத்து. அதனால் உங்கள் வீட்டுக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாநில அரசுக்கும் 1966-ல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. மதுரையில் திருமலை நாயக்கர் மகால், ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் எல்லாம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அந்தப் பட்டியலிலும் அரண்மனை, கோட்டை, கோவில், குடைவரை, கல்வெட்டு என்றுதான் இருக்கும், குடும்பத்தின் கையிலிருக்கும் வீடு அபூர்வம். திருவல்லிக்கேணியில் பாரதியார் இருந்த வீடு பாதுகாக்கப்பட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வேறு பாதை. பெரிய மனிதர் ஒருவர் வாழ்ந்த இடம் என்பதற்காக அரசு கையில் எடுத்து நினைவு இல்லம் ஆக்கியது, கட்டடக்கலைக்காக அறிவித்தது இல்லை.

மூன்றாவது வகை, நகரத் திட்டத்தோடு சேர்ந்த பட்டியல், என் மனதுக்கு மிக நெருக்கமானது, ஏனென்றால் ஆட்கள் வாழ்கிற, கடை நடக்கிற கட்டடங்களுக்கு இதுதான் பொருந்தும். மும்பையில் 1995-லேயே இந்த விதிகள் வந்துவிட்டன. கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரம் என்றால் உள்ளும் புறமும் தொடக் கூடாது, பலப்படுத்த வேண்டியதை மட்டும் செய்யலாம். இரண்டாம் தரத்தில் வெளித்தோற்றத்தைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே தேவைக்கு மாற்றலாம். மூன்றாம் தரத்தில் இன்னும் தாராளம். இடிக்க முடியாததால் உரிமையாளருக்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்ட, அந்த மனையில் கட்ட முடியாமல் போன தளப்பரப்பை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையாக மாற்றி விற்கவும் வழி வைத்தார்கள். நியாயமான ஏற்பாடு அது. ஊருக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள் என்று ஒருவரிடம் சொன்னால், ஊரும் அவருக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும்.

சென்னையில் இது வந்த கதை கொஞ்சம் நீளம், ஆனாலும் சொல்ல வேண்டும். அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று ஒன்று, 1897-ல் ஒரு மருந்து வியாபார நிறுவனத்துக்காகக் கட்டியது, சிவப்புச் செங்கல்லும் கோபுரங்களுமாக, இந்திய இஸ்லாமியக் கூறுகளும் ஐரோப்பியக் கூறுகளும் கலந்த இந்தோ சாரசனிக் பாணி. 2006-ல் உரிமையாளர் தரப்பு அதை இடிக்கத் தொடங்கியது. இன்டாக் உயர் நீதிமன்றம் போனது. அப்போது கைகொடுத்தது எது தெரியுமா? சென்னையின் விளம்பரப் பலகைகள் சம்பந்தமான வழக்குக்காக நீதிபதி பத்மநாபன் குழு, எந்தெந்தப் பழைய கட்டடங்களுக்கு முன்னால் பலகை வைக்கக் கூடாது என்று சொல்வதற்காகத் தயாரித்த 467 கட்டடங்களின் பட்டியல். பலகைகளுக்காக எழுதிய பட்டியல், கட்டடங்களுக்குக் கேடயமாயிற்று. 2010-ல் வந்த தீர்ப்பு இடிப்பதைத் தடுத்தது, பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்க சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ-வில் ஒரு குழு வேண்டும் என்றது, அந்தக் குழு வந்தது. அந்தக் கட்டடங்களில் கை வைப்பதற்கு முன் குழுவின் சம்மதம் தேவை என்ற நிலையும் வந்தது. இந்தத் தீர்ப்பை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். அதே நேரம், தீர்ப்புக்குப் பிறகும் அந்தக் கட்டடம் ஆளில்லாமல் வருடக்கணக்கில் சிதைந்துகொண்டே நின்றது என்பதையும் உங்களிடம் மறைக்க முடியாது. இடிக்காதே என்று நீதிமன்றம் சொல்லலாம், ஓட்டையை அடை, விளக்கேற்று, ஆளை வை என்று தினமும் வந்து சொல்லாது.

இந்த ஏற்பாடு சென்னைப் பெருநகர எல்லைக்குள்தான். உங்கள் ஊருக்கு எது என்று கேட்டால், 2012-ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம். தொல்லியல் சட்டங்களுக்குள் வராத, ஆனால் காப்பாற்ற வேண்டிய பழைய கட்டடங்களை மாநிலம் முழுக்க அடையாளம் கண்டு அரசுக்கும் உள்ளாட்சிக்கும் ஆலோசனை சொல்ல ஓர் ஆணையம் என்பது அதன் நோக்கம். பத்து வருடத்துக்கு மேல் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது, அந்த இடைவெளியில் எத்தனை வீடுகள் லாரி ஏறின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. இருந்தாலும் உங்கள் வளவு வீடு மாதிரிக் கட்டடத்துக்கு இயல்பான வாசல் இதுதான். மனுவை இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டே எழுதுங்கள், மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் நகல் அனுப்புங்கள். மனுக் கொடுக்கப் பதினோரு பேரின் கையெழுத்தும் வேண்டும் என்று இல்லை, ஒருவர் கொடுத்தாலும் போதும், ஆனால் பாதிப் பங்காளிகளாவது சேர்ந்து கையெழுத்திட்டால் அந்தத் தாளின் எடையே வேறு.

வெளிநாட்டில் எப்படி என்று பலர் கேட்பதால் இரண்டு வரி. அமெரிக்காவில் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கென்று 1966 முதல் இருக்கும் தேசியப் பதிவேட்டில் ஒரு தனியார் வீடு சேர்ந்தால் உரிமையாளர் தன் காசில் அதை இடிக்கக்கூடத் தடையில்லை, அது கௌரவம்தான். அதே நாட்டில் நியூயார்க் நகரம், பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியதைப் பார்த்துப் பதறி, 1965-ல் தனக்கென்று ஒரு சட்டம் செய்தது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் உயரமான கோபுரக் கட்டடம் எழுப்ப உரிமையாளர்கள் கேட்டபோது நகரம் மறுத்தது, 1978-ல் உச்ச நீதிமன்றமும் நகரத்தின் பக்கம் நின்றது. கௌரவம் தந்தது நாடு, காவல் தந்தது ஊர். நமக்கும் அப்படி ஊர் மட்டத்தில் ஒரு விதி வேண்டும் என்பதே என் ஆசை.

அந்தஸ்து கிடைத்தால் கூரை தானாகச் சரியாகிவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். புதுச்சேரி கடற்கரையில் 1870-களைச் சேர்ந்த மேரி கட்டடம் இருந்தது, நகராட்சி நடந்த இடம். அரசுச் சொத்து, ஊரே பாரம்பரியம் என்று கொண்டாடிய கட்டடம், செப்பனிட வேண்டும் என்ற பேச்சும் இருந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்துவிட்டது. பிறகு பழைய உருவிலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது புதுக் கட்டடம். அதே புதுச்சேரியில் வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டார்கள், அங்கே வீட்டுக்காரர்களும் சேர்ந்து நின்றதால் ஒரு தெருவே மீண்டது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வேலை வரிசை இதுதான். தடையாணைக்கான ஏற்பாட்டை வக்கீல் பார்க்கட்டும். அந்த வாரமே ஒரு நல்ல புகைப்படக்காரரை அழைத்துப்போய் முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, மேல்மாடி என்று ஒரு மூலை விடாமல் படம் எடுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் கதவுக்கும் ஒரு எண் போட்டு, எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். நாளைக்கு ஒன்று காணாமல் போனால் காவல் நிலையத்தில் காட்ட அதுதான் ஆதாரம், விண்ணப்பத்துக்கும் அதுவே அடிப்படை. அப்புறம் அளவெடுத்து வரைபடம். மனுவில் "மிக அழகான, பழமையான வீடு" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள், உங்கள் பக்கத்தில் எல்லா வீடும் அழகுதான். எந்த வருடம் கட்டியது, பாட்டையா பர்மாவில் என்ன தொழில் செய்தார், தேக்கு எந்தத் துறைமுகம் வழியாக வந்தது, தரைக்கல்லும் கண்ணாடியும் எங்கே வாங்கியது, வேலை செய்த ஸ்தபதிகள் எந்த ஊர், பிற்காலத்தில் எதை மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். பெட்டகத்தில் பழைய கணக்கு நோட்டு, கடிதம், கல்யாணப் படம், இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எது இருந்தாலும் அதில் பாதி விவரம் இருக்கும். உங்கள் அப்பத்தா தலைமுறையில் யாராவது இருந்தால் உடனே உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட்டு வருத்தப்பட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

செலவுக்குப் பணம் சேர்ந்தால் முதல் பணம் கூரைக்கும் மழைத்தண்ணீர் போகும் வழிக்கும். வளவைச் சுற்றி ஓடும் தகரக் கால்வாய் ஓட்டையாகிவிட்டால் தண்ணீர் உத்திரத்தில் இறங்கும், தேக்காக இருந்தாலும் தாங்காது. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். தயவுசெய்து சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி, நூறு வருடம் கண்ணாடிபோல் இருந்த முட்டை வெள்ளைக்கருப் பூச்சு சில வருடத்தில் பெயர்ந்து வந்துவிடும். கொத்தனார் சிமெண்ட் என்றுதான் சொல்வார், அவருக்கு அதுதான் கைப்பழக்கம், நீங்கள் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடுங்கள், உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் விடுதியாகி நல்ல நிலையில் இருக்கின்றன. பதினோரு பேரும் ஒப்புக்கொண்டு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டால், படைப்பு நாட்களை உங்களுக்கு என்று ஒதுக்கி எழுதிக்கொண்டால், வாடகையில் கூரை நிற்கும். எல்லா வீடும் விடுதியாக முடியாது என்பதும் தெரியும். ஆனால் விற்க நினைக்கிற பெரியப்பா மகனிடம் பேச உங்கள் கையில் ஒரு கணக்கு வேண்டும். அவருக்குப் பண முடை இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் பங்கை மற்ற பத்துப் பேர் வாங்கிக்கொள்ள முடியுமா என்பதை நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். தடையாணை வீட்டைக் காப்பாற்றும், உறவைக் காப்பாற்றுவது உங்கள் பேச்சுதான்.

படைப்புக்கு எல்லோரும் வீட்டில் கூடுவீர்கள் அல்லவா, அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் வரைபடத்தை வளவில் விரித்துவையுங்கள், எண் போட்ட படங்களையும் பக்கத்தில் வையுங்கள். மனுவுக்குக் கையெழுத்து வாங்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அளவெடுக்க ஆள் வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், உங்கள் பக்கத்திலேயே இருக்கும் நல்ல பிள்ளைகளைச் சொல்கிறேன். அளவெடுப்பதை ஐப்பசிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மழை பிடித்துவிட்டால் ஓட்டின்மேல் யாரும் ஏற முடியாது.